காட்ஃபாதர் கேமில் மைக்கேலாக ஏன் ஆட முடியாது?

நீங்கள் கேட்டது இது: "காட்ஃபாதர் படத்தை இப்போதுதான் முதல்முறை பார்த்தேன். 2006இல் அதை கேமாகவும் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தது. ஆனால் அதில் படத்தின் நாயகன் மைக்கேலாக ஆட முடியாதாம், மைக்கேலின் முகமே வேறாம், படத்தின் இயக்குநரே அந்த கேமை எதிர்த்தாராம். அப்படியானால் அதை ஆடிப் பார்க்கலாமா, வேண்டாமா?" மூன்று நான்கு கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். படத்தில் உங்களைக் கட்டிப்போட்டது எதுவோ, அது கேமில் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கேம்களுக்கு மிஷன், அதாவது ஆடுபவர் முடிக்க வேண்டிய வேலை, அமைப்பதும், அமைத்ததை ஆடவிட்டுத் திருத்துவதும்தான் பல வருடங்களாக என் வேலை. இந்த கேமை வேலைக்காகவும் ஆசைக்காகவும் பலமுறை ஆடியிருக்கிறேன். படத்தைத்தான் பார்த்துவிட்டீர்கள், அதனால் அதன் கதையைத் தாராளமாகப் பேசுகிறேன். கேமுக்கென்றே எழுதிய கதையில் வரும் திருப்பங்களை மட்டும் சொல்லவில்லை.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விவரங்கள். மாரியோ பூசோவின் நாவல் 1969இல் வந்தது, இயக்குநர் கொப்போலாவின் படம் 1972இல். கேமைச் செய்தது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ரெட்வுட் ஷோர்ஸ் ஸ்டூடியோ. 2006 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றுக்கு வந்தது. அடுத்த ஒரு வருடத்துக்குள் எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்பி, நின்டெண்டோ வீ, பிளேஸ்டேஷன் 3 என்று மற்றவற்றுக்கும் போனது. இதற்கு முன்பே 1991இல் யு.எஸ். கோல்டு நிறுவனம் இதே பெயரில் பக்கவாட்டில் நகர்ந்து சுடுகிற ஒரு கேமை வெளியிட்டிருந்தது. அதற்கும் படத்துக்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தாண்டி அதிகம் கிடையாது. 2006 கேமில் உழைப்பு தெரிகிறது. மைக்கேலின் அண்ணன் சானியாக நடித்த ஜேம்ஸ் கான், டாம் ஹேகனாக நடித்த ராபர்ட் டுவால், டெசியோவாக நடித்த ஏப் விகோடா மூவரும் திரும்ப வந்து குரல் கொடுத்தார்கள். நாவலின் தொடர்ச்சியை எழுதிய மார்க் வைன்கார்ட்னர் கதைக்கு உதவினார். நீனோ ரோட்டாவின் மூல இசையோடு பில் கான்டியின் புதிய இசையும் சேர்ந்தது.

மைக்கேலின் தந்தை டான் விட்டோவாக நடித்த மார்லன் பிராண்டோவும் குரல் பதிவு செய்தார். ஆனால் அப்போது அவர் உடல் மிகவும் தளர்ந்திருந்தது. 2004 ஜூலை 1 அன்று காலமாகிவிட்டார். பதிவில் மூச்சுச் சத்தம் அதிகமாக இருந்ததால் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியவில்லை. கேமில் டான் விட்டோ பேசுவதில் மிகச் சிறிய பங்குதான் அவருடைய குரல். மற்றதெல்லாம் அவரைப் போலப் பேசிய இன்னொருவர். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

சரி, மைக்கேலின் முகம். ஒரு ஸ்டூடியோவிடமிருந்து படத்தின் உரிமையை வாங்கினாலும் நடிகரின் முகம் அதோடு சேர்ந்து வந்துவிடாது. ஒவ்வொரு நடிகரிடமும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மைக்கேலாக நடித்த அல் பாச்சினோவின் முகம் இந்த கேமுக்குக் கிடைக்கவில்லை, அதனால் மைக்கேலுக்கு வேறு முகம், வேறு குரல். அவர் நடித்த இன்னொரு படமான ஸ்கார்ஃபேஸை வைத்து அதே 2006இல் வந்த கேமுக்கு அவர் தன் முகத்தைத் தந்திருந்தார், குரலை வேறொருவர் கொடுத்தார். இதுவரை உறுதி. அந்த ஒப்பந்தம்தான் இதைத் தடுத்தது என்று பலரும் எழுதுவார்கள். அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கிற சானி, டாம், டெசியோ எல்லோரும் படத்தில் பார்த்த முகங்களோடு நிற்கும்போது நடுவில் மைக்கேல் மட்டும் யாரோ ஒருவராக நிற்பது உறுத்துகிறது. முதல் சில காட்சிகளில் அவர் பேசிய பிறகுதான் அது மைக்கேல் என்பதே எனக்கு உறைத்தது.

ஆனால் மைக்கேலாக ஆட முடியாததற்கு முகம் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். முகம் கிடைத்திருந்தாலும் அது தப்பான முடிவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் தொழில் அனுபவம். 175 நிமிடப் படத்தில் மைக்கேல் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார், கேட்கிறார், பார்க்கிறார். உணவகத்தில், மைக்கேல் சுடப்போகிற எதிரி சோலோசோ சிசிலி மொழியில் பேசிக்கொண்டே போக, மைக்கேலின் கண்கள் மட்டும் அலைகின்றன. ரயில் சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது, அந்தத் தெரியாமைதான் அந்தக் காட்சியின் பலம். கன்ட்ரோலர் என் கையில் இருந்தால் அது போய்விடும். எப்போது சுடுவது என்று முடிவெடுக்கிறவன் நான் என்றால் எனக்கு ரகசியம் ஏது? இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரெங்கும் இஷ்டப்படி சுற்றவிடுகிற ஓப்பன் வேர்ல்டு கேமில் இரண்டு மிஷன்களுக்கு நடுவே ஆடுபவர் என்ன செய்வார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நடைபாதையில் காரை ஏற்றுவார், போகிற வருகிறவரை அடிப்பார், கூரையிலிருந்து குதித்துப் பார்ப்பார். அதையெல்லாம் மைக்கேல் கார்லியோனியின் உடலில் செய்துவிட்டு, அடுத்த நிமிடம் அவர் தந்தையோடு தோட்டத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிற காட்சியைக் காட்டினால் எவரும் நம்ப மாட்டார்கள்.

அதனால்தான் ஆல்டோ டிரப்பானி என்று ஒரு புது ஆளை உருவாக்கினார்கள். 1936இல் சிறுவனாக இருக்கும்போது அவனுடைய தந்தையை எதிரிக் குடும்பத் தலைவன் பார்சினியின் ஆட்கள் கொல்கிறார்கள். பொறுத்திரு, காலம் வரும் என்று டான் அவனிடம் சொல்கிறார். பிறகு 1945, மைக்கேலின் தங்கை கானியின் திருமணம். அங்கிருந்து அவன் கார்லியோனி குடும்பத்தின் அடியாளாக நுழைந்து படிப்படியாக மேலே போகிறான். முகத்தை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். கதை 1955 வரை நடக்கிறது. லிட்டில் இத்தாலி, புரூக்ளின், ஹெல்ஸ் கிச்சன், மிட்டவுன், நியூஜெர்சி ஆகிய ஐந்து பகுதிகள், எதிரிகளாக நான்கு குடும்பங்கள். மைக்கேல் நம் கையில் இல்லை என்பதால் சிசிலிப் பகுதி அப்படியே விடுபட்டுப் போனது.

இந்த ஆல்டோவை வைத்து அவர்கள் செய்த நல்ல காரியத்தை ஒரு மிஷனைக் கொண்டு விளக்குகிறேன். உணவகக் கொலைக்கு முன் நடக்கும் உரையாடலைப் படத்தில் கவனித்திருப்பீர்கள். துப்பாக்கியை வைக்க நல்ல கெட்டிக்கார ஆளாகப் பார்த்து அனுப்பு, தம்பி கழிவறையிலிருந்து வெறுங்கையோடு வந்து நிற்கக் கூடாது என்கிறார் சானி. துப்பாக்கி அங்கே இருக்கும் என்கிறார் குடும்பத்தின் தளபதி கிளமென்சா. அவ்வளவுதான். வைத்தது யார் என்று படம் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. கேம் அந்த இடத்தில் உங்களை நுழைக்கிறது. உணவகத்துக்குள் சத்தமில்லாமல் போய், கழிவறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துப்பாக்கியை வைத்துவிட்டு வர வேண்டும். பிறகு மைக்கேல் சுட்டு முடித்து வெளியே வந்ததும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் துரத்தலுக்கு நடுவே துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். படத்தில் அவர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறியதும் இசை எழும்பும், செய்தித்தாள்கள் வரும், கொஞ்ச நேரத்தில் சிசிலி. நடுவில் அவர் ஊரைவிட்டு எப்படிப் போனார் என்பதை நாம் பார்த்ததே இல்லை. படத்தின் ஒரு பிரேமைக்கூட மாற்றாமல், அதற்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு வெற்றிடங்களை ஆடுபவருக்குக் கொடுத்துவிட்டார்கள். என் தொழிலில் இதைவிடச் சுத்தமான தழுவலை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதே யோசனைதான் பல இடங்களில். சினிமாத் தயாரிப்பாளர் வோல்ட்ஸின் படுக்கையில் குதிரைத் தலையை வைத்தது யார் என்று படம் காட்டவில்லை, கேமில் அது உங்கள் வேலை. மருத்துவமனையில் கிடக்கும் டானைக் கொல்ல வருபவர்களை நீங்கள் தடுக்கிறீர்கள். டானின் அடியாள் லூக்கா பிராசியின் கழுத்தை எதிரிகள் இறுக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வழியில்லை. சானியையும் உங்களால் காப்பாற்ற முடியாது. படத்தில் முடிந்துபோனதை மாற்றும் உரிமையை ஆடுபவருக்குத் தரக் கூடாது என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்கு அது மரியாதையாகப் படுகிறது.

எங்கே சறுக்குகிறது என்றால் கடைசியில். ஞானஸ்நானக் காட்சியைப் படத்தில் நினைத்துப் பாருங்கள். தேவாலயத்தில் மைக்கேல் சாத்தானைத் துறப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் ஊரின் வெவ்வேறு மூலைகளில் லிஃப்டில் ஒருவர், சுழல் கதவுக்குள் ஒருவர், படுக்கையில் ஒருவர், நீதிமன்றப் படிக்கட்டில் ஒருவர் என்று கொல்லப்படுகிறார்கள். கொல்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே நேரம், பல இடம், அதற்கு நடுவே ஒரு குழந்தையின் முகம். மாறி மாறி வெட்டுவதால்தான் அந்தக் காட்சிக்கு உயிர். கேமில் அந்தக் கொலைகள் எல்லாவற்றையும் ஆல்டோ ஒருவனே செய்கிறான். ஒன்றை முடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது படத்தொகுப்பு என்பதே கிடையாது, சாலைதான் இருக்கிறது. "ஒரே நேரத்தில்" என்பது "ஒன்றன்பின் ஒன்றாக" ஆனதும் அந்தக் காட்சி சாதாரணத் துப்பாக்கிச் சண்டையாகிவிட்டது. இதில் செய்தவர்களின் திறமைக் குறைவு என்று எதையும் நான் சொல்ல மாட்டேன். ஒரே ஆளைத் தொடர்ந்து ஆடுகிற கேமில் அந்தக் காட்சிக்கு இடமே இல்லை. அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதியிருக்கலாம், ஆனால் காட்ஃபாதர் என்று பெயர் வைத்துவிட்டு அந்தக் காட்சியைத் தொடாமல் விட எந்தத் தயாரிப்பாளருக்குத் துணிச்சல் வரும்?

படத்தில் இல்லாத ஒரு விஷயம்தான் இந்த கேமில் படத்துக்கு மிக நெருக்கமாக வருகிறது என்று நான் நம்புகிறேன். அது மாமூல் வசூல். ஒரு கடைக்குள் போகிறீர்கள். கல்லாவில் இருப்பவரிடம் பேசுகிறீர்கள், அவர் முடியாது என்கிறார். அப்போது திரையில் ஒரு அளவுகோல் தெரிகிறது. சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கலாம், உலுக்கலாம், கல்லா மேசைக்கு மேலே தூக்கிப் போடலாம், அல்லது அவரைத் தொடாமலே கடைப் பொருள்களை ஒவ்வொன்றாக உடைக்கலாம். கன்ட்ரோலரில் வலது குச்சியை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அதற்கேற்பக் கை அசைகிறது, கணினியில் சுட்டியை அசைக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு பலவீனம். ஒருவர் எத்தனை அடி விழுந்தாலும் அசைய மாட்டார், ஆனால் பொருள்கள் உடைந்தால் உடனே பணிவார். இன்னொருவருக்கு வாடிக்கையாளர் மேல் கை வைத்தால் தாங்காது. அளவுகோல் ஒரு கோட்டைத் தாண்டியதும் பணம் தரச் சம்மதிக்கிறார். அங்கேயே நிறுத்தினால் கொஞ்சம் பங்கு. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அதிகப் பங்கு. ஆனால் அளவுக்கு மிஞ்சிப் போனால் அவர் பயத்தை விட்டுவிட்டு உங்கள் மேல் பாய்கிறார், பேரமே முறிந்துவிடுகிறது.

இந்தச் சின்ன அமைப்பில் படத்தின் சாரம் ஒன்று இருக்கிறது. டான் விட்டோவின் பலம் எவ்வளவு அடிப்பது என்பதில் இல்லை, எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. சவ அடக்கத் தொழில் செய்கிற பொனசெரா தன் மகளை அடித்தவர்களைக் கொல்லச் சொல்கிறார். அது நியாயம் ஆகாது, உன் மகள் உயிரோடுதானே இருக்கிறாள் என்கிறார் டான். அந்த நிதானத்தை, வசனமாகச் சொல்லாமல், என் கட்டைவிரலின் அழுத்தமாக மாற்றியிருக்கிறார்கள். முதல் கடையில் நான் அளவு தெரியாமல் அடித்துக் காரியத்தைக் கெடுப்பேன், பத்தாவது கடையில் உள்ளே நுழைந்ததும் எதை உடைத்தால் இவர் பணிவார் என்று கண் தேட ஆரம்பிக்கும். அப்படித் தேட ஆரம்பித்துவிட்டேன் என்று உணர்கிற கணம் சங்கடமானது. ஒரு கேம் என்னிடமிருந்து அந்தச் சங்கடத்தை வரவழைத்தது என்றால் அது ஏதோ சரியாகச் செய்திருக்கிறது.

இப்போது கொப்போலாவுக்கு வருகிறேன். 2005 ஏப்ரலில், கேம் வெளிவர ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும்போதே, அவர் வெளிப்படையாக அதிருப்தி தெரிவித்தார். தன்னிடம் யாரும் கேட்கவில்லை, உரிமை படத்தைத் தயாரித்த பாரமவுன்ட்டிடம் இருக்கிறது, தனக்கும் கேமுக்கும் சம்பந்தமில்லை என்றார். எல்லோருக்கும் தெரிந்த பாத்திரங்களை முகப்புக்கு வைத்துக்கொண்டு, உள்ளே மணிக்கணக்காகச் சுட்டுக் கொல்வதாக இருக்கிறது என்பது அவருடைய மனக்குறையின் சாரம். சட்டப்படி அவர் சம்மதம் தேவைப்படவில்லை. ஆனால் கேமைப் பற்றி அவர் சொன்னது சரியா?

பாதி சரி என்பேன். துப்பாக்கியை வைக்கிற மிஷனையும் கடைக்காரரையும் அவர் கணக்கில் எடுத்திருக்க முடியாது, அது முழுக் கேமை ஆடினால்தான் தெரியும். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அவர் பயந்தது நடந்திருக்கிறது. கதை மிஷன்கள் முடிந்த பிறகும் கேம் முடிவதில்லை. ஒவ்வொரு கடை, ஒவ்வொரு சூதாட்ட அறை, ஒவ்வொரு கிடங்கு என்று ஊரையே பிடிக்கச் சொல்கிறது. எதிரிக் குடும்பத்தோடு பகை முற்றினால் அவர்கள் இடம் ஒன்றுக்குக் குண்டு வைக்கலாம், அல்லது எஃப்.பி.ஐ. ஆளுக்குப் பணம் கொடுத்து அடக்கலாம். கடைசியில் அவர்களின் மாளிகைகளைத் தகர்க்க வேண்டும். எல்லாம் முடிந்தால் நீங்கள் நியூயார்க்கின் டான். படம் எங்கே முடிகிறது? மனைவி கே கேட்ட கேள்விக்கு மைக்கேல் பொய் சொல்கிறார், ஆட்கள் வந்து அவர் கையை முத்தமிடுகிறார்கள், கேயின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது. அதிகாரத்தின் உச்சிக்குப் போன அதே நொடியில் அவர் எதை இழந்தார் என்பதுதான் அந்தக் கதவு. கேமில் மேலே போகப் போகப் பட்டமும் பணமும் கூடுகின்றன, ஆல்டோவிடமிருந்து எதுவும் குறைவதில்லை. அவனுக்கென்று எழுதிய சொந்த இழப்புகள் கட்சீன்களில், அதாவது ஆட்டத்துக்கு நடுவே ஓடுகிற காட்சிகளில், வருகின்றன. ஆனால் அடுத்த கடையைப் பிடிக்கப் போகும்போது அவை எந்தத் தடயமும் விடுவதில்லை. ஆடுபவருக்கு வெகுமதி கொடுத்துக்கொண்டே இழப்பையும் உணர வைப்பது எங்கள் தொழிலில் இன்றும் கடினமான வேலை. 2006இல் இவர்கள் அதை முயலவே இல்லை என்பதுதான் என் உண்மையான வருத்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்கார்ஃபேஸ் கேம் நல்ல உதாரணம். 1983 படத்தின் முடிவில் செத்துப்போகிற டோனி மொன்டானா, அந்த மாளிகைச் சண்டையில் பிழைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அது தொடங்குகிறது. படத்தின் முடிவை மாற்றிவிட்டார்கள், ஆனால் டோனியின் குணத்தை மாற்றவில்லை. அப்பாவிகளைச் சுட முயன்றால் டோனியே மறுத்துவிடுவான். படத்தில் அவன் விழுந்ததே, ஒரு காருக்குள் கொல்ல வேண்டிய ஆளோடு அவருடைய மனைவியும் குழந்தைகளும் இருப்பதைப் பார்த்துக் கொல்ல மறுத்ததால்தானே. காட்ஃபாதர் கேம் நிகழ்வுகளுக்கு உண்மையாக இருந்தது, ஸ்கார்ஃபேஸ் கேம் ஆளுக்கு உண்மையாக இருந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடினம்.

2009இல் வந்த காட்ஃபாதர் II கேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டொமினிக் என்ற இன்னொரு ஆள், நியூயார்க், புளோரிடா, ஹவானா. ஊரை வரைபடமாகப் பார்த்து உங்கள் ஆட்களை ஏவுகிற வசதி நல்ல யோசனை, ஆனால் படத்தில் இளம் விட்டோவின் கதை கொடுத்த ஆழத்தில் ஒரு துளியும் இல்லை. மூன்றாவது கேம் வரவில்லை.

ஆகவே ஆடலாமா என்றால், ஆடுங்கள், ஆனால் படத்தை இன்னொரு முறை பார்த்த சூட்டோடு ஆடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு மிஷனும் படத்தின் எந்த இடைவெளியில் நுழைகிறது என்பது பிடிபடும். புதிதாக டிஜிட்டல் கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை, பழைய வட்டுதான் தேட வேண்டியிருக்கும். கணினியில் ஆடினால் இன்றைய அகலத் திரைக்கு ஏற்ப ரசிகர்கள் செய்த திருத்தங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் வசதி இருந்தால் பிளேஸ்டேஷன் 3 அல்லது எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பே மேல், கழுத்தைப் பிடிக்கிற கை அசைவு குச்சியில்தான் சரியாக வரும். கையையே ஆட்டி அடிக்கிற வீ பதிப்பை நான் ஆடியதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லவில்லை. கதை மிஷன்களை முதலில் முடியுங்கள், நடுநடுவே லிட்டில் இத்தாலியின் கடைகளை மட்டும் பிடித்தால் போதும். ஐந்து பகுதிகளையும் முழுதாகப் பிடிக்க உட்கார்ந்தால் ஒரே வேலையை நூறு தடவை செய்கிற அலுப்பு வந்து, நல்லதாக இருந்ததும் மறந்துபோகும்.